வலது கைச் சத்தியம்

என் கணவரின் வலது கையில் நான்கு விரல்கள் போன பிறகுதான் இப்படியொரு நட்டஈட்டுச் சட்டம் வந்திருப்பதே எங்களுக்குத் தெரியும். அதற்கு முன் தோட்டத்தில் அடிபட்டவனுக்குக் கிடைத்ததெல்லாம் கொஞ்சம் மருந்துத் தண்ணீரும், துரை மனமிரங்கினால் வாசல் கூட்டுகிற வேலையுந்தான்.

அம்பிட்டியவுக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், ஸ்டோர் என்போம், அவர் கொழுந்தைச் சுருட்டும் ரோலர் ஓட்டினார். கொழுந்து குவிகிற மாதம். பற்சக்கரத்தின் மேலிருந்த இரும்பு மூடியைப் பூட்டவும் திறக்கவும் நேரமில்லையென்று அதைக் கழற்றிவைக்கச் சொன்னவர் ஸ்டோர் கணக்கப்பிள்ளை. அன்று மாலையே கை உள்ளே போய்விட்டது. துரை ஓடிவந்து கேட்டபோது, இரத்தம் ஒழுக நின்ற இந்த மனிதர், "நாந்தான் தொரை மூடியக் கழட்டுனேன், எங் குத்தந்தான்" என்றாராம்.

துரைக்கு முன்னால் குற்றத்தைத் தன் தலையில் போட்டுக்கொள்வது எங்கள் ஆட்களுக்கு ஒரு மரியாதை. அதைவிடப் பெரிய காரணமும் இருந்தது. அந்தக் கணக்கப்பிள்ளைதான் எங்கள் மூத்தவளின் ஞானத்தகப்பன். கோயிலில் பிள்ளையைக் கையில் ஏந்தி ஞானஸ்நானம் வாங்கிக் கொடுத்தவர், எங்களுக்குக் கூடப்பிறந்தவருக்கும் மேல்.

கண்டியில் ஒரு வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாக இருந்த யாழ்ப்பாணத்துக்காரர்தான் எனக்குச் சட்டத்தை விளங்கப்படுத்தினார்.

"பிழை ஆருடையது எண்டு சட்டம் கேக்காது, பிள்ளை. வேலை செய்யேக்கை, வேலையாலை காயம் வந்தால் முதலாளி நட்டஈடு குடுக்கத்தான் வேணும். ஆனா குடிச்சிருந்தாலோ, காப்பு மூடியைத் தானா வேணுமெண்டு கழட்டியிருந்தாலோ இல்லை."

"அவுங்க தானா கழட்டலீங்களே! கழட்டச் சொன்னாங்க."

"ஓம், அதை அவர் விசாரணையிலை சொல்லவேணும்." பிறகு மெதுவாகச் சேர்த்துக்கொண்டார்: "செத்திருந்தால் மூடியை ஆர் கழட்டினாலும் நட்டஈடு உண்டு, அந்தக் கேள்வியே வந்திராது."

சொல்லிவிட்டோமே என்று அவரே தலையைக் குனிந்துகொண்டார். மனிதர் உயிரோடு வீடு வந்ததுதான் எங்களுக்கு வினையாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து நான் போட்ட சத்தம் லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கேட்டிருக்கும். "நம்ம மூணு புள்ளைங்களும் என்னத்தத் திங்கும்?" என்றேன். "கணக்கப்பிள்ளைக்கு அஞ்சு புள்ளைங்க" என்றார் என் கணவர். பெரிய தியாகி!

மானத்தை விட்டுக் கணக்கப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். கதிரை எடுத்துப் போட்டார், தேத்தண்ணி வந்தது. அவர் மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வாயத் தொறந்தா எனக்கு வேல போயிரும் தங்கச்சி" என்றார்.

தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

விசாரணை கண்டிக் கச்சேரியில், அந்த அரசாங்க அலுவலகத்தின் ஓர் அறையில், நடந்தது. நட்டஈட்டு ஆணையாளர் ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல, மொழிபெயர்ப்பாளர் என் கணவரைப் பார்த்து, "வலது கையை உயர்த்து" என்றார். உயர்த்தினார். பெருவிரல் மட்டும் தனியாக நின்றது. மொழிபெயர்ப்பாளர் கண்களைத் தாழ்த்திக்கொண்டு சத்திய வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்தார்.

அந்தக் கையைத் தூக்கிக் கடவுள்மேல் சத்தியம் செய்துவிட்டு, "நாந்தான் கழட்டுனேன். யாரும் சொல்லல" என்றார். செபமாலை சொல்லாமல் ஒருநாளும் படுக்காத மனிதர். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரந்தான் வந்தது.

அடுத்ததாகத் தோட்டத்தின் சாட்சியாகக் கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டார்கள். அவரும் கையை உயர்த்திச் சத்தியம் செய்தார். சொல்லி முடித்த பிறகும் கையை இறக்கவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டாம் தரம் கேள்வி கேட்டபோது, "நாந்தாங்க கழட்டச் சொன்னேன்" என்றார். துரையின் முகம் சிவந்துபோனது.

வெளியே வந்ததும் என் கணவர் அவரிடம் பாய்ந்தார். "ஏண்ணே சொன்னீங்க? நான் பொய்ச்சத்தியமே பண்ணிட்டேனே!"

"ஒங்களுக்குப் பொறகு நான் கையத் தூக்குனேன் தம்பி. எனக்கு அஞ்சு வெரலும் இருந்திச்சு."

இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார்கள். கணக்கப்பிள்ளைமேல் எனக்கிருந்த கோபமெல்லாம் அங்கேயே போய்விட்டது.

எங்களுக்கு நட்டஈடு கிடைத்தது. அதில் ஒரு தையல் மெஷின் வாங்கினேன், அடுப்பு எரிந்தது. ஆனால் பணம் கைக்கு வருமுன்பே கணக்கப்பிள்ளையைத் தோட்டத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஐந்து பிள்ளைகளோடு அவர் பேராதனைச் சந்தியில் ரயிலேறிய அன்று, என் கணவர் இடது கையில் அவர்களுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். மூத்தவளை ஞானத்தகப்பன் தூக்கி முத்தமிட்டு என்னிடம் தந்தார்.

திரும்பும் வழியில் குமாஸ்தாவிடம் போனேன். கணக்கப்பிள்ளைக்கும் அந்தச் சட்டத்தில் ஏதாவது வழி உண்டா என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வேலை போறது காயமில்லை, பிள்ளை" என்றார்.