செல்வநாயகி கட்டிய சோதனை மேசை

செல்வநாயகி இறந்துபோன செய்தியை உடுமலைப்பேட்டையிலிருந்து அவருடைய அண்ணன் போனில் சொன்னபோது அடக்கமே முடிந்திருந்தது. "காய்ச்சல்னுதானுங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். மூளைக்கு ஏறிப்போச்சுங்க" என்றார். போனை வைத்துவிட்டு, இதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நின்றேன். பீளமேட்டில் எமர்ஜென்சி விளக்கு செய்யும் எங்கள் கம்பெனியில் இன்ஜினியர்களாக இருந்த பெண்கள் நாங்கள் இருவர்தான்.

விளக்குக்குள் வைக்கும் பேட்டரி செல்களுக்குச் சார்ஜ் ஏற்றி, இறக்கி, எவ்வளவு தாங்குகின்றன என்று பார்க்கும் இயந்திரம் வெளிநாட்டில்தான் கிடைத்தது. அதை வாங்க எங்களுக்கு வசதியில்லை. மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டர், மின் இணைப்பை மாற்றிவிடும் கொஞ்சம் ரிலேக்கள், ஹீட்டர் கம்பிச் சுருள் இவற்றைக் கொண்டு செல்வநாயகி ஒரு சோதனை மேசையைக் கட்டினார். செல்லில் சார்ஜ் இறங்கியதும் கம்ப்யூட்டரே இணைப்பை மாற்றிச் சார்ஜில் போட்டுவிடும். ஆள் பக்கத்தில் இருக்க வேண்டியதே இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வந்துவிடுவார். ஏன் என்று கேட்டேன்.

"ஹாஸ்டல்ல ஒரு சத்தமும் இல்லீங்க அம்மணி. இங்க ரிலேயாச்சும் டக்கு டக்குங்குது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒருமுறை மலிவாக வந்த செல்களைப் போட்டு, ஓர் ஆஸ்பத்திரிக்காக விளக்குகள் தயாராகியிருந்தன. சில தடவை சார்ஜ் ஏற்றி இறக்கியதுமே அந்தச் செல்கள் சோர்ந்துபோவதை மேசை காட்டியது. அனுப்பக் கூடாது என்றார் செல்வநாயகி.

"பழைய சாமானுல கட்டுனதுங்க அது. அதை நம்பி ஆர்டரை நிறுத்தச் சொல்றீங்களா?" என்றார் முதலாளி.

"மேசையை நம்ப வேண்டாமுங்க சார். நீங்களே பாருங்க."

மேசையில் சோர்ந்துபோன அதே செல்களை ஒரு விளக்கில் போட்டு, முழுக்கச் சார்ஜ் ஏற்றி, ஜன்னல் இல்லாத ஸ்டோர் ரூமில் வைத்தார். "கதவைச் சாத்திக்கிட்டு உள்ள உக்காருங்க சார். பிரசவ வார்டுன்னு நெனச்சுக்கங்க." முதலாளி டீ டம்ளரோடு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் இருட்டுக்குள்ளிருந்து, "ஏனுங்க, கதவைத் தெறங்க" என்று குரல் வந்தது. டம்ளரில் பாதி டீ இருந்தது. செல்களைத் திருப்பி அனுப்பச் சொன்னார்.

நல்ல செல்கள் வரும்வரை வேலை நின்றது. வேலையில்லாமல் வீட்டுக்குப் போன தொழிலாளர்களுக்குச் செல்வநாயகி மேல் கோபம். திரும்பி வந்த பிறகும் சாப்பாட்டு நேரத்தில் அவர் இருந்த பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. நான் மட்டும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனேன். "கோவப்படட்டுங்க. அங்க லைட்டு நிக்காம எரிஞ்சாச் சரி" என்றவர், பாதிச் சோற்றை அப்படியே மூடி வைத்தார்.

அவரை அறிந்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மேசை இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. நேற்று புதிய செல்கள் வந்தன. எப்படி இருக்கின்றன என்று முதலாளி கேட்டார். முன்பெல்லாம் யாராவது கேட்டால் உடனே ஏதாவது சொல்லிவிடுவேன். தெரியாததைத் தெரியாது என்று கூச்சமில்லாமல் சொல்ல, செல்வநாயகியின் பக்கத்திலிருந்துதான் பழகினேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.

"இன்னும் தெரியலைங்க சார்" என்றேன்.

"சரிங்க" என்று முதலாளி போய்விட்டார். நான் செல்களை ஒவ்வொன்றாக மேசையில் மாட்டத் தொடங்கினேன்.