சார்ஜாவுக்கு எத்தனை வளைவு?

போன செவ்வாய்க்கிழமை மதியம் நாகலூரில் நல்ல மூடுபனி. எதிரே காபித் தோட்டம் பாதி தெரிந்தது, பாதி காணோம். இப்படிப்பட்ட நாளில் யாருக்காவது வேலை ஓடுமா? ராஜாமணி அக்காவின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சோம்பேறி என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது...

"ஏனுங்க சார், கோயமுத்தூர்ல இருந்து சார்ஜா எவ்ளோ தூரமுங்க?" என்றார் அக்கா.

அவருடைய ஒரே மகள் கவிதா நர்ஸ். அன்று காலை பத்து மணிக்குத்தான் கோவையில் விமானம் ஏறியிருந்தாள். முதல் வேலை, முதல் விமானம். அப்பா கூடப் போய் ஏற்றிவிட்டார். அக்காவால் கடையை விட்டு நகர முடியவில்லை.

போனில் தட்டினேன். இரண்டு ஏர்போர்ட்டின் பெயரைப் போட்டால் போதும், தூரம், நேரம் எல்லாம் வந்து கொட்டுகிறது. "இரண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்கு மேலேக்கா. நாலு மணி நேரம்."

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. "டிக்கெட்டுல பன்னெண்டரைக்கு எறங்கும்னு போட்டிருக்குதுங்களே! இப்ப மணி ஒன்னு. இன்னும் போன் வரலீங்க. என்ற புள்ளைக்கு என்னமோ ஆயிப்போச்சுங்களா?"

"அது அந்த ஊர் மணி, அக்கா. நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால. அங்கே இப்ப பதினொன்றரைதான். கவிதா இன்னும் கடலுக்கு மேல பறந்துகிட்டிருக்கா."

அக்கா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "அப்ப என்ற புள்ளைக்கு இன்னைக்கு ஒன்றர மணி நேரம் சேத்திக் கெடைக்குதுங்களா?"

என்ன ஒரு கேள்வி! பறந்துகொண்டிருப்பவளின் மடியில் அந்த ஒன்றரை மணி நேரம் எந்த இடத்தில் வந்து விழும்? கடலிலா, மேகத்திலா? நமக்குக் கிடைத்தால் என்ன செய்வோம் — தூங்குவோமா, யாரிடமாவது மன்னிப்புக் கேட்போமா? பனியோடு பனியாக நானும் மிதந்துகொண்டிருந்தேன்.

அக்கா மிதக்கவில்லை. "நொம்பப் பசியோட இருப்பாளுங்க சார். நேத்துல இருந்து ஒன்னும் திங்காதன்னு சொல்லிப்போட்டேன். கையில எலுமிச்சம்பழம் குடுத்து உட்டிருக்கறேன்."

காரணம் எனக்குத் தெரியும். சேலத்துக்கு இறங்கும் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் கவிதா வாந்தி எடுக்காத நாளே கிடையாது. வெறும் வயிறு, மோந்து பார்க்க எலுமிச்சம்பழம் — இந்த மலையின் பயண வைத்தியம் அது. சேலத்துக்கே இருபது என்றால் சார்ஜாவுக்கு எத்தனை? அக்காவின் கணக்கில் என்ன தப்பு? போகாத ஊரை நாம் எல்லோருமே தெரிந்த பாதையை வைத்துத்தானே அளக்கிறோம்?

இரண்டரை மணிக்கு போன் அடித்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, எறங்கிட்டேன். வளைவே இல்லீங்கம்மா! நேராப் போச்சு. எல்லாரும் சாப்பிட்டாங்க, நான் மட்டும் எலுமிச்சம்பழத்த மோந்துகிட்டு உக்காந்திருந்தேன்..."

"மொதல்ல போய்ச் சாப்பிடு கண்ணு," என்றார் அக்கா. சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நேர் வழிதானுங்களாமா. நாலே மணி நேரம். அப்ப நெனச்சா வந்தர்லாமுங்களே சார்?"

கவிதாவின் ஒப்பந்தம் இரண்டு வருடம். அது அக்காவுக்கும் தெரியும்.

"நாலே மணி நேரம்தான்க்கா," என்றேன்.