பத்தொன்பது மஞ்சள் கடுதாசிகள்

தண்டையார்பேட்டை டோல்கேட் அருகே மளிகை மொத்தக்கடை வைத்திருந்த அய்யாத்துரை, தான் திவாலான செய்தியை மஞ்சள் தாளில் அச்சடித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கடன் கொடுத்த பத்தொன்பது பேருக்கும் நேரில் போய்க் கொடுத்தார். கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் அனுப்புவது மரியாதைக் குறைவு என்று நினைப்பவர். திவாலுக்கும் அதே மரியாதையைச் செய்தார்.

"மேல இன்னா படம் போட? புள்ளையாரா, முருகரா?" என்று அச்சகத்தில் கேட்டார்கள். யோசித்துப் பிள்ளையார் என்றார்.

திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து, முப்பது வருடம் அரிசியும் பருப்பும் விற்று, ஒரு மாடி வீடு கட்டியவர். காட்டுப்பள்ளிப் பக்கம் கேன்டீன்கள் நடத்திய ஒரு கம்பெனிக்கு ஒன்றரை வருடம் கடனுக்குச் சரக்குப் போட்டார். கம்பெனி திவாலானது. அது பிரைவேட் லிமிடெட் என்பதால், முதலாளி வீட்டுப் பூந்தொட்டிகூட இடம் மாறவில்லை. அய்யாத்துரையின் கடை அவர் சொந்தப் பெயரில் இருந்தது. கடை விழுந்தால் வீடும் விழும். பெரியவனுக்குக் குடையும் சிறியவனுக்கு மழையும் கொடுக்கிற இந்த ஏற்பாட்டுக்குத் தொழில் வளர்ச்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

வீட்டின் மேல் வங்கிக்கு இருபது லட்சம் அடமானக் கடன். பத்தொன்பது பேருக்குமாக இருபத்தேழு லட்சம். மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டால் வீட்டை எவனும் தொட முடியாது என்பது கடைத்தெரு முழுக்கத் தெரிந்த சட்டம். சட்டப் புத்தகத்துக்கு மட்டும்தான் அது தெரியாது.

எண்ணெய் வியாபாரி முபாஷிர் தாளை வாங்கி, "இன்னா நைனா, வூட்ல விசேஷமா?" என்று சிரித்தார். படித்தார். "அய்ய, புள்ளையார் போட்டு நாமம் போடுறியே! சரி, உக்காரு. டீ குடி."

மனைவி ராமசெல்விக்கு விஷயம் தெரிந்ததும் அவரை ராயபுரத்தில் இருந்த வக்கீல் ஃபராவிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"ஹைகோர்ட்ல மனு போடாம இந்தத் தாள் எதுக்கும் உதவாது சார்," என்றாள் ஃபரா. "ஒண்ணுக்கு மட்டும் உதவும். கடனைக் கட்டப்போறதில்லன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. இதை வச்சு மூணு மாசத்துக்குள்ள அவங்க உங்களைத் திவாலாக்கச் சொல்லி மனு போடலாம்."

"போடட்டும். வீடு தப்பிச்சிரும்லா?"

"திவால்னு உத்தரவு வந்தா வீடு கோர்ட் அதிகாரி கைக்குப் போயிடும். அடமானம் வாங்குன பேங்க் அதுக்கும் காத்திருக்காது. தானே ஏலம் விடும்."

"அப்ப எங்களுக்கு என்னதாம்மா மிஞ்சும்?" என்றாள் ராமசெல்வி.

"துணிமணி, படுக்கை, சமையல் பாத்திரம், தொழில் கருவி. எல்லாம் சேர்த்து முந்நூறு ரூபாய்க்குள்ள."

"முந்நூறா? ஆயிரத்தை விட்டுட்டியா?"

"இல்ல ஆன்ட்டி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதாம் வருஷச் சட்டம்."

வெள்ளைக்காரன் போய்விட்டான். அவன் போட்ட விலைப்பட்டியல் கப்பலேறவில்லை.

ராமசெல்வி மனத்துக்குள் அடுக்களையைச் சுற்றிவந்தாள். "குக்கர் கேஸ்கட்ட நாம வச்சுக்கிடலாம். குக்கர அதிகாரிக்குக் குடுத்திரணும்."

ஃபரா வீட்டின் விலையைக் கேட்டாள். ஐம்பத்தைந்து லட்சம் பெறும் என்றார் அய்யாத்துரை.

"கடன் நாப்பத்தேழுதானே? அப்ப நீங்க திவாலே இல்ல சார். அதுக்கு உங்களுக்குத் தகுதியே கிடையாது."

பத்தொன்பது பேரிடம் சொல்லியாகிவிட்டதே என்று அய்யாத்துரைக்கு வெட்கமாக இருந்தது.

"ஏலத்துல அடிமாட்டு விலைக்குப் போகும். அதுக்கு முன்னாடி நல்ல விலைக்கு நீங்களே வித்து, எல்லாருக்கும் முழுசாக் குடுத்துடுங்க. மிச்சம் உங்களுது."

அவர் மறுபடியும் பத்தொன்பது பேரிடம் போய் இரண்டு மாதம் தவணை கேட்டார்.

"வூட்டை வித்துட்டு எங்க இருப்ப மாமு?" என்றார் முபாஷிர்.

"மாத்தூர்ல வாடகைக்கு."

"அந்தக் கேன்டீன்காரன் எங்க இருக்கான்?"

"அவன் வீட்லதான்."

முபாஷிர் தவணை கொடுத்தார். மற்றவர்களும் திட்டிவிட்டுக் கொடுத்தார்கள்.

வீட்டை வாங்கியவர் ஓர் எஞ்சினியர். சாவி வாங்க வந்த அன்றும் வாசற்படியில் போனை வைத்து, அதிலிருந்த திசைகாட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் வித்தீங்க? வாஸ்துல ஏதாவது கோளாறா?"

"வாஸ்து நல்லாத்தான் இருக்கு," என்றாள் ராமசெல்வி. "சரக்கு வாங்குனவன் துட்டு தரல."

அவர் தலையாட்டிவிட்டு மறுபடியும் வடக்கைத் தேடினார். ராமசெல்வி இரும்புச் சாவிக்கொத்தை அந்தப் போனின் மேலேயே வைத்தாள். முள் சுற்றத் தொடங்கியது.