மாமா வெட்டிய சாய்ந்த எழுத்து

எங்கள் மாமா ஆம்பூரில் செருப்புக்கு அடித்தோல் வெட்டுகிறவர். வேலை ஓய்ந்தால் நாடகம் போடுவார். போன நாடகத்தில் பார்க்க வந்தவர்களைவிட நடித்தவர்கள் அதிகம். "இந்த வாட்டியும் கொட்டகை ரொம்பலைன்னா நாடகத்தை மூட்டை கட்டிடு" என்று தாத்தா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாமாவுக்கோ நாடகம்தான் உயிர்.

புது நாடகத்தின் பெயர் 'சூறாவளிக் கோட்டை'. கூட்டத்தை இழுக்கப் பெரிய எழுத்தில் நோட்டீஸ் வேண்டும். அச்சுக்கூடத்து பாயிடம் இருந்ததெல்லாம் பொடி எழுத்து. மாமா அசருகிற ஆளா? தடித்த அடித்தோலில் தாமே எழுத்து வெட்ட உட்கார்ந்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து, அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு எழுத்தையும் வலப்பக்கம் சாய்த்து, வாலைச் சுழித்து வெட்டினார். என்ன காகிதம் என்று கேட்டேன். "நாடகக் காகிதம், போடி" என்றார். மூன்றாம் வகுப்பு படித்த நானும் நம்பிவிட்டேன்.

பாய் எழுத்துகளைப் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார். "இன்னா தம்பி, நேரா வெட்டிக்கினு வந்துட்டே? அச்சடிச்சா இடம்வலமா மாறிப்பூடுமே!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாடகத்துக்கு இரண்டே நாள். மாமா சிரித்தார். "வலது கால் அடியைத் திருப்பினா இடது கால். பேஜார் பண்ணாதீங்க பாய், ஒவ்வொண்ணா திருப்பிப் போடுங்க."

திருப்பியதும் தோலின் உட்புறம் மேலே வந்தது. ஒரே சொரசொரப்பு. மை ஓரிடத்தில் பிடித்தது, ஓரிடத்தில் பிடிக்கவில்லை. எழுத்தெல்லாம் கிழிந்து, சிராய்த்து, நிஜமாகவே சூறாவளியில் அடிபட்டது மாதிரி விழுந்தது. "அடேயப்பா, பார்த்தாலே பயமாக்கீதே!" என்று பாய் குதித்தார்.

சந்தைச் சுவரில் ஒட்டியதும் கூட்டம் சேர்ந்தது. எல்லோருக்கும் முன்னால் நான் படித்துக் காட்டினேன். படிக்கும்போதுதான் உறைத்தது. "அய்யோ, இது எங்க டீச்சர் எழுத்து!" என்று கத்தினேன். மாமா என் வாயைப் பொத்தினார். பொத்தினால் நிற்கிற வாயா அது? "இப்டி சாஞ்சி சாஞ்சி எழுதறது அவங்க மட்டுந்தான்" என்று விரலிடுக்கில் சொல்லி முடித்தேன்.

நாடகத்தன்று கொட்டகையில் எள் போட இடமில்லை. எல்லாம் அந்த நோட்டீஸின் மகிமை என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் வந்தவர்களில் பாதிப் பேர் மேடையைப் பார்க்காமல், முன்வரிசையில் தலை குனிந்திருந்த டீச்சரையே பார்த்தார்கள். தாத்தாவோ டீச்சரின் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓயாமல் குசுகுசுத்தார். மாமா கத்திக்குத்துப்பட்டு விழும்போதுதான் அவர் பேச்சு என் காதில் விழுந்தது: "அப்போ ஈஸ்டருக்கப்புறம் வெச்சுக்கலாம்."

அடுத்த நாடகத்துக்குத் தாத்தாவே நாள் குறித்துவிட்டார்! ஒரே ஓட்டமாக மேடையேறி, செத்துக் கிடந்த மாமாவின் காதில் சொன்னேன். மாமா எழுந்து உட்கார்ந்துவிட்டார். கொட்டகையே விசிலடித்தது. ஒரு நாடகத்துக்கு ஊருக்கே இத்தனை சந்தோஷமா என்று நானும் கைதட்டினேன்.