மிக்கேல்ராஜின் காருக்கு மூச்சு வாங்கியது

வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் முப்பத்தொரு வருடம் ஃபிட்டராக இருந்தவர் மிக்கேல்ராஜ். ஓய்வு பெற்றுத் திண்டுக்கல் வீட்டோடு வந்த பிறகும் மில் அவரை விட்டபாடில்லை. எந்த எந்திரமும் தூசியால்தான் கெடும் என்பது அவர் கட்சி. மிக்ஸிக்கு ஒரு உறை, தையல் மிஷினுக்கு ஒரு உறை, தண்ணீர் மோட்டாருக்கு ஒரு உறை. எல்லாம் பழைய வேட்டியைக் கிழித்து, பெரிய பெரிய தையலாகப் போட்டு அவரே தைத்தவை.

"எனக்கும் ஒண்ணு தச்சுப் போட்டுருங்க, தூசி படியாம இருப்பேன்" என்பாள் மனைவி ரோஸ்மேரி.

அவர் ஏற இறங்கப் பார்ப்பார். "துணி பத்தாது ரோசு."

பதினாலு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தன. பேச்சு கொஞ்சம் குழறியது. புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. வாரத்தில் மூன்று நாள் ரோஸ்மேரிதான் காரோட்டிக்கொண்டு சின்னாளப்பட்டிப் பக்கம் இருந்த பிசியோதெரபி மையத்துக்குக் கூட்டிப்போனாள். பஸ் நடக்காத காரியம். ஆட்டோவில் ஏற வலது காலைத் தூக்கி வைக்க வேண்டும். அது சொன்ன பேச்சுக் கேட்காத கால். கார் என்றால், முதுகைக் காட்டி சீட்டில் உட்கார வைத்து, இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பிவிட்டால் முடிந்தது. இப்படிப் போய்ப் போய்த்தான் சக்கர நாற்காலியில் இருந்தவர் கைத்தடிக்கு வந்திருந்தார்.

அந்தக் கார் இப்போது திணறியது. மேம்பாலத்தில் இரண்டாவது கியரிலேயே முக்கி முனகி ஏறியது. பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகன் ரொனால்டு தெரிந்த மெக்கானிக் ஒருவரை அனுப்பினான். வந்தவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. சத்தத்தைக் கேட்டே, "இஞ்சின் போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"வித்துருவோம்மா. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் எடுக்கிற ஆள் வரும்" என்றான் ரொனால்டு.

"அப்பா தெரபிக்கு?"

"வீட்டுக்கே வரச் சொல்லலாம்."

ரோஸ்மேரி விசாரித்துப் பார்த்தாள். வாரத்துக்கு ஒரு நாள் வரலாம், அதுவும் உறுதியில்லை என்றார்கள். இப்போதுதான் நடக்கப் பழகிய கால்; விட்டால் மறந்துவிடும். அதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மிக்கேல்ராஜ் மட்டும் ஒரே பாட்டைப் பாடினார். "இஞ்சினுக்கு ஒண்ணுமில்ல. ஏர் ஃபில்டர மாத்து."

"வொர்க்‌ஷாப்ல விடவா?"

"வொர்க்‌ஷாப் வேணாம். நீயே மாத்து."

சனிக்கிழமை காலை அவள் பீர் முகமதுவின் உதிரிபாகக் கடைக்குப் போய் ஃபில்டர் வாங்கினாள்.

"யாரும்மா மாட்டப்போறா?"

"நான்தான்."

"நாலு கிளிப்புதான். குக்கர் மூடி தெறக்கிற வேலைகூட இல்ல. ரப்பர் ஓரம் சுத்தி ஒக்காருதான்னு மட்டும் பாத்துக்கங்க."

இஞ்சின் சூடு ஆறட்டும் என்று பானெட்டைத் திறந்து வைத்து, அவள் ஒரு டீயைக் குடித்தாள். பிறகு மிக்கேல்ராஜை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். ஃபில்டர் இருக்கும் கறுப்புப் பெட்டியின் மூன்று கிளிப்புகள் விரலுக்கே வந்துவிட்டன. நாலாவதை ஸ்குரூ டிரைவரால் நெம்ப வேண்டியிருந்தது.

"மெல்ல, மெல்ல. ஒடைச்சிராத."

"சும்மா இருங்க செத்த நேரம்."

மூடியைத் தூக்கினாள். உள்ளே ஃபில்டர் இருக்க வேண்டிய இடத்தில் கரிக்கட்டை மாதிரி ஏதோ கிடந்தது. வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். ஃபில்டரைச் சுற்றி ஒரு துணி. தூசி ஏறி ஏறிக் கம்பளி கனத்துக்கு ஆகியிருந்தது. ஓரத்தில் பெரிய பெரிய தையல்.

நாற்காலிப் பக்கம் திரும்பினாள். மிக்கேல்ராஜ் எதிர்வீட்டு முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதென்னங்க?"

"மில்லுல மோட்டாருக்கு அப்படித்தான் கட்டுவோம். பஞ்சு உள்ள போகாது."

"மில்லுல கழட்டவே மாட்டீங்களா?"

"சிப்டுக்கு ஒருக்காக் கழட்டி ஒதறுவோம். இதையும் மாசம் ஒருக்கா நான் தொவச்சுப் போட்டுருவேன்ல." மடியில் கிடந்த வலது கையைத் தடவிக்கொண்டே, "நான் விழுகிற வரைக்கும்" என்றார்.

"அப்ப இம்புட்டு நாளும் இது உள்ள இருக்குன்னு தெரியும். வண்டியே கை மாறப்போகுது, ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"நீ சிரிப்ப."

ரோஸ்மேரி சிரித்தாள். கார் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். முப்பத்தொரு வருட ஃபிட்டர், தான் தைத்த உறையாலேயே காரை மூச்சுமுட்ட வைத்துவிட்டு, அதைச் சொல்ல வெட்கப்பட்டு, விற்கக் கொடுக்கிற வரைக்கும் உட்கார்ந்திருக்கிறார்.

பெட்டிக்குள் கிடந்த மண்ணையும் காய்ந்த வேப்பிலையையும் துடைத்தெடுத்தாள். "ஈரத்துணி ஆகாது" என்று நாற்காலியிலிருந்து உத்தரவு வந்தது. புது ஃபில்டரை வைத்து, ரப்பர் ஓரத்தைச் சுற்றிவர விரலால் அழுத்தினாள்.

"புதுசுக்கும் ஒரு சின்ன உறை..."

"தைங்க. உங்களையும் சேத்து வித்துருவேன்."

கடைசிக் கிளிப்பைத் தானே போட வேண்டும் என்றார். அவள் மறுக்கவில்லை. துண்டை அவர் இடுப்பில் கட்டி, பின்னால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு எழுப்பி நிறுத்தினாள். இடது கையால் மூன்று தடவை முயன்றார். நாலாவதில் டக்கென்று விழுந்தது.

அவரை முன்சீட்டில் உட்கார வைத்து, காலைத் திருப்பிவிட்டு, மேம்பாலத்துக்கு ஓட்டினாள். மூன்றாவது கியர். கார் ஒரு பேச்சுப் பேசாமல் ஏறியது. உச்சிக்கு வந்ததும் மிக்கேல்ராஜ், "ஹாரன் அடி" என்றார். முன்னால் யாரும் இல்லை, ஆனாலும் அடித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ரொனால்டுக்குப் போன் போட்டாள். மிக்கேல்ராஜ் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "துணி விஷயத்த அவன்கிட்டச் சொல்லாத."

"நாளைக்கு அந்த ஆள வர வேண்டாம்னு சொல்லிருய்யா. இஞ்சினுக்கு ஒண்ணுமில்ல. ஃபில்டர் அடைச்சிருந்துச்சு, அப்பா சொன்னதுதான் சரி. திங்கக்கிழமை தெரபிக்கு இதுலதான் போறோம்."

"ஃபில்டரா? அது எப்படிம்மா அம்புட்டு அடைக்கும்?"

ரோஸ்மேரி கணவரைப் பார்த்தாள். அவர் முந்தானையை இன்னும் விடவில்லை.

"நம்ம ஊருத் தூசி பத்தி ஒனக்குத் தெரியாதா?" என்றாள்.

"ஆமா" என்றார் மிக்கேல்ராஜ், போனுக்குக் கேட்கிற மாதிரி. "மோசமான தூசி."