அட்டையில் இருந்த பெயர்

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற மதன்குமாரின் அச்சகத்தில் கம்ப்யூட்டர் வேலையெல்லாம் தேவிபிரியாதான். நெசவுக்காரக் குடும்பம், வீட்டில் கன்னடம், வெளியே தமிழ். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, எப்போதாவது ஒரு புத்தக அட்டை. அட்டையைச் செய்வது அவள்; உள்ளே 'அட்டை வடிவமைப்பு: மதன்குமார்' என்று வரும். அதற்காக அவள் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

போன தை மாசம் பரளச்சியிலிருந்து ஜெகதீஸ்வரி வந்தாள். விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டு மனுஷி, நாற்பத்தைந்து வயதிருக்கும். சுற்று வட்டாரத்தில் காடு என்று சொல்கிற ஒவ்வொரு புஞ்சைக்கும் ஒரு பேர் உண்டு. அந்தப் பேர் வந்த கதையைக் களையெடுக்கிற பெண்களிடம் கேட்டுக் கேட்டுப் புத்தகமாக எழுதியிருந்தாள். 'பரளச்சிக் காட்டுப் பேர்கள்' என்று தலைப்பு. அட்டைக்காகப் பலதடவை பஸ்ஸேறி வந்து பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வெடிப்பு விட்ட கரிசலை அவளே போனில் படம் எடுத்திருந்தாள். தேவிபிரியா அதை முன்னட்டையில் தொடங்கி முதுகு வழியாகப் பின்னட்டை வரைக்கும் ஓடவிட்டாள்.

"இதுல உம் பேரு எங்கம்மா?"

"அண்ணன் பேருதான்க்கா போடுறது."

"பாடுபட்டது நீ, பேரு அவுகளுக்கா? உம் பேரு இல்லாட்டி இந்த அட்டையே எனக்கு வேண்டாம்."

மதன்குமார் சிரித்து மழுப்பி ஒத்துக்கொண்டார். பின்னட்டையின் அடியில், பொடி எழுத்தில், முதல்முறையாகத் தேவிபிரியா என்ற பெயர் ஏறியது.

புத்தகம் அச்சாகும் சிவகாசிக்கு ஃபைலை அனுப்ப வேண்டிய நாள் வந்தது. ஓரம் வெட்டும்போது வெள்ளை தெரியாமலிருக்கப் படத்தை நாலு பக்கமும் கொஞ்சம் வெளியே நீட்டி, முதுகை அளந்து, நிறங்களை அச்சுக்கு ஏற்ப மாற்றியிருந்தாள். சிவகாசியில் திறக்கும்போது எழுத்து உடைந்துவிடக் கூடாதென்று எழுத்தையெல்லாம் படமாகவும் ஆக்கிவிட்டாள். பி.டி.எஃப். எடுப்பதுதான் பாக்கி. அந்த நேரத்தில் ஜெகதீஸ்வரியின் புருஷன் வீரபாண்டி வந்து நின்றார்.

"ஏம்மா, பேரை மாத்தணும். அவ பேரை எடுத்துட்டு வீரபாண்டின்னு போடு. எலெக்‌ஷன்ல நிக்கப்போறேன். எம் பொண்டாட்டி எழுதுனா நான் எழுதுன மாதிரிதான."

தேவிபிரியா முதலாளியைப் பார்த்தாள். "மாத்திரும்மா" என்றார் மதன்குமார், செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

"அக்காட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிறேண்ணே."

வீரபாண்டி முன்னாலேயே ஜெகதீஸ்வரிக்குப் போன் போட்டாள். விஷயத்தைச் சொன்னாள். "அவுக சொன்னபடி செய்யி" என்று குரல் வந்தது. போன் கட்டானது.

படமாகிவிட்ட எழுத்தைத் திருத்த முடியாது. ஜெகதீஸ்வரியை ஒவ்வோர் எழுத்தாக அழித்துவிட்டுப் புதுப் பெயரை அடித்தாள். பின்னட்டையில் இருந்த ஜெகதீஸ்வரியின் போட்டோவை எடுத்துவிட்டு வீரபாண்டி கொடுத்த அவர் போட்டோவை வைத்தாள். அடியில் தன் பெயர் மட்டும் கிடந்தது. அதை எடு என்று யாரும் சொல்லவில்லை. அவளே எடுத்தாள். அன்றைக்கு டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

கல்யாண மண்டபத்தில் வெளியீட்டு விழா. மாலையும் சால்வையுமாக மைக்கைப் பிடித்து, "வெயிலுன்னு பாக்காம காடு காடா அலைஞ்சேன்" என்றார் வீரபாண்டி. கை தட்டினார்கள். ஜெகதீஸ்வரி பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தாள். தேவிபிரியாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கை கழுவுகிற இடத்தில் இவள் போய் மறித்தாள்.

"எம்மேல என்னக்கா கோவம்?"

"நீ எதுக்கு எனக்குப் போன் போட்ட? கேக்காம மாத்தியிருந்தா, எனக்குத் தெரியாதுன்னு மனசைத் தேத்தியிருப்பேன். எம் பேரை எடுக்கச் சொல்லி என் வாயாலயே சொல்ல வச்சிட்டயே."

ஜெகதீஸ்வரி சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பந்திக்குப் போனாள். அதற்குப் பிறகு அவள் அச்சகப் பக்கமே வரவில்லை.

வீரபாண்டியின் எலெக்‌ஷன் நோட்டீஸும் தேவிபிரியா கைக்குத்தான் வந்தது. பெயருக்குக் கீழே 'எழுத்தாளர்' என்று பெரிசாகப் போடச் சொல்லியிருந்தார்கள். போட்டாள். யாரையும் கேட்கவில்லை.