இருவரை ஒருவராக்கிய கதை

ஜொகூர் பாருவில் நடந்த சிறுகதைப் பட்டறையில் எழுதிக்கொண்ட விதிகளில் ஒன்று: இரண்டு பாத்திரங்கள் ஒரே வேலையைச் செய்தால், ஒருவரை எடுத்துவிட வேண்டும். மற்றவர்கள் தலையாட்டினார்கள். நான் மறுநாளே செய்து பார்த்தேன். பாடம் சொன்னதும் செய்துவிடுகிற மாணவி நான். அதில் எனக்குக் கர்வம் உண்டு.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பாலோ பக்கம் ஒரு தோட்டத்தில், வீட்டிலேயே பிறந்தேன். அப்பா பிறப்பைப் பதியாமல் விட்டுவிட்டார். பள்ளியில் சேர்க்கும் வயது வந்தபோது பிறப்புப் பத்திரம் இல்லை. அம்மாவுக்குப் பஸ் ஏறினாலே வாந்தி. அதனால் அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, வேலைக்கு லீவு போட்டுவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு குளுவாங்கிலிருந்த பதிவு அலுவலகத்துக்கு மாதக்கணக்கில் அலைந்தார். ஒருநாள் அங்கே மனுக் கொடுக்கும் கவுண்டருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டு, தெரிந்த கொஞ்ச மலாய் மொழியில், பதில் சொல்லும்வரை எழமாட்டேன் என்றார். எனக்குப் பத்திரம் கிடைத்தது அப்படித்தான்.

கதையில் இதை எழுதியிருந்தேன். விதிப்படி பெரியம்மாவை எடுத்துவிட்டு, அந்தத் தரையில் அம்மாவை உட்காரவைத்தேன். கதை உடனே நிமிர்ந்துவிட்டது. பன்னிரண்டு பக்கம் எட்டாகச் சுருங்கியது. பயந்து ஒதுங்கியே இருந்த தாய் கடைசியில் போராடுகிறாள். பாத்திர வளர்ச்சி என்று பட்டறையில் சொன்னார்களே, அதுவும் வந்துவிட்டது.

ஞாயிறு பத்திரிகையில் கதை வெளியானது. அம்மாவோடு பாலோவுக்குப் போய்ப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இருவருக்கும் எழுத்துத் தெரியாது. கவுண்டர் கட்டம் வந்ததும் பெரியம்மா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அன்னைக்கு இவ எங்க வந்தா?" அம்மாவைப் பார்த்தார். "பஸ்ஸப் பாத்தாலே கக்குவ. கதையில மட்டும் குளுவாங் வரைக்கும் போய்ட்டியா?"

"கதையில பஸ் குலுங்கலக்கா," என்றார் அம்மா.

பெரியம்மா என் பக்கம் திரும்பினார். "அப்ப நான் எங்கடி?"

"நீங்க ரெண்டு பேரும் ஒரே ஆளாயிட்டீங்க பெரிம்மா. கதைக்கு அப்படித்தான் நல்லா இருக்கும்."

"ஒரே ஆளா? அப்ப முட்டி வலி மட்டும் ஏன் எனக்குத் தனியா இருக்கு?"

எல்லோரும் சிரித்தோம். தேத்தண்ணி கலக்கப் போன பெரியம்மா அடுப்படியிலிருந்தே சொன்னார். "புஸ்தகமா வந்தா என்னையும் ஒரு ஓரமா போடு லா."

"கண்டிப்பா போடறேன்," என்றேன்.

கதை ஒரு தொகுப்பு நூலுக்குத் தேர்வானது. திருத்தங்களுக்கு ஒரு வாரம் கொடுத்தார்கள். பெரியம்மாவைத் திரும்பக் கொண்டுவந்தேன். கவுண்டருக்கு முன்னால் அவர், வீட்டு வாசலில் அம்மா. வாசகர் யாரோடு போவது என்று தெரியாமல் கதை இரண்டாக நின்றது. அப்போதுதான் என் தவறு புரிந்தது. அவர்கள் ஒரே வேலையைச் செய்யவே இல்லை. ஒருவர் என்னைப் பெற்றார். இன்னொருவர் நான் பிறந்திருக்கிறேன் என்று அரசாங்கத்தை ஒப்புக்கொள்ள வைத்தார். விதி சரிதான், நான்தான் அதைத் தப்பாகப் போட்டேன். சரிசெய்ய வேண்டுமானால் பெரியம்மாவை நடுவில் வைத்து முழுவதையும் புதிதாக எழுத வேண்டும். ஒரு வாரம் போதும். எனக்கு அந்தத் திறமை உண்டு. ஆனால் அந்தத் தாயின் போராட்டத்தைப் படித்து அழுததாக ஒரு பள்ளி ஆசிரியர் கடிதம் எழுதியிருந்தார். இன்னும் பலர் பாராட்டியதும் அதைத்தான். பழைய பிரதியையே அனுப்பினேன்.

புத்தகம் வந்ததும் ஒன்றைப் பெரியம்மாவிடம் கொடுத்தேன். ஈரக் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார்.

"இதுல நான் இருக்கேனா?"

"இருக்கீங்க பெரிம்மா."

"எங்க, காட்டு."

கவுண்டர் வரும் பக்கத்தைத் திறந்து, அவர் விரலைப் பிடித்து ஒரு சொல்லின் மேல் வைத்தேன். 'அம்மா' என்று அச்சாகியிருந்தது. அவர் அந்தச் சொல்லை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, பக்கத்தின் மூலையை மடித்துவைத்தார்.

வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுகிறாராம். அவர்களில் பாதிப்பேருக்காவது தமிழ் படிக்கத் தெரியும். இதுவரை யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை.